துணைவனின் நடுப்பக்கம்

ஜனவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். இங்கே என் ரத்த அழுத்தம் தவிர மற்றதெல்லாம் கட்டுக்குள் இருக்கிறது. உன் முழங்கால்கள் எப்படி? படி ஏறும்போது இடது கால் முதலில், இறங்கும்போது வலது கால் முதலில் என்று யாரோ சொன்னார்கள். செய்து பார்.

நாலு வருஷம் கழித்து எழுதுகிறானே, காரியம் இல்லாமல் இருக்காது என்று நினைப்பாய். சரியாகத்தான் நினைக்கிறாய். ‘மருத்துவமனை நிர்வாகத் துணைவன்’ பத்திரிகைக்கு வரும் ஆகஸ்டில் ஐம்பது வயது. அதன் வரலாற்றை எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஆமாம், என்னைத்தான். பழைய ஆசிரியரின் மகள்தான் இப்போது ஆசிரியர். போனில், “சார், பழைய ஆளுங்கள்ல எழுதத் தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தான் மிச்சம்” என்றாள். எனக்கு எழுதத் தெரியும் என்பதைக் கண்டுபிடிக்க அந்த அலுவலகத்துக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது. இடையில் நான் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுத்தாள் எழுதிக் காலத்தைத் தள்ளிவிட்டேன்.

ஒப்புக்கொண்டேன். புறநோயாளி வரிசையைப் பற்றி நான் எழுதிய கட்டுரை ஆசிரியர் பெயரில் வந்தது. ஜன்னலோரம் இருந்த என் மேசையை விளம்பரக்காரருக்குக் கொடுத்துவிட்டு என்னைக் கழிவறை வாசலில் உட்கார வைத்தார்கள். எனக்குப் பின்னால் சேர்ந்தவன் துணை ஆசிரியர் ஆனான். படுக்கை நிரம்பும் விகிதம் என்றால் கட்டிலின் நீள அகலம் என்று நினைத்தவன் அவன். இதையெல்லாம் மரியாதையான தமிழில் எழுதித் தா, நாங்களே அச்சடிக்கிறோம் என்று அவர்களே வந்து கேட்டால் வேண்டாம் என்பேனா?

அந்தக் காலத்தில் உனக்கு மாதாமாதம் இதழ் அனுப்புவேனே, இருந்தால் கொடுத்து அனுப்பு. இன்னொன்று. ஒவ்வொரு ஜனவரி இதழிலும் நடுவில் ஒரு பெரிய தாள் வைப்போம், கழற்றிச் சுவரில் மாட்டுவதற்கு. இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய ஜனவரித் தாள், கிருமி நீக்கும் நீராவி எந்திரத்துக்கான அட்டவணை: எந்தப் பொருளை எத்தனை சூட்டில் எத்தனை நிமிஷம் வைப்பது என்று. அதை உங்கள் ஆபரேஷன் தியேட்டரில் மாட்டியிருந்தீர்களா? வரலாற்றுக்காகத்தான் கேட்கிறேன்.

மாத்திரையை வேளைக்குப் போடு.

உன் தம்பி

ஜனவரி 15

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசி. என் முழங்கால் இரண்டும் பேச்சு வார்த்தை இல்லாத ஓர்ப்படிகள் மாதிரி இருக்கின்றன. ஒன்று மடங்கினால் மற்றது மடங்க மாட்டேன் என்கிறது. நீ கேட்டது அரைகுறை. நல்ல கால் முதலில் ஏற வேண்டும், நோகிற கால் முதலில் இறங்க வேண்டும். முப்பத்தைந்து வருஷம் நர்ஸாக இருந்து ஊருக்கெல்லாம் சொன்னேன். என்னிடம் நல்ல கால் எது என்பதுதான் இப்போது தெரியவில்லை. உன் ரத்த அழுத்தத்துக்கு மருந்து நான் சொல்கிறேன்: அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடு.

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோ என்று நின்றபடியே பிரித்தேன். கடைசியில் பார்த்தால் மேசை விவகாரம்! ஐம்பத்திரண்டு வயசாகிறது. கழிவறை வாசல் மேசையை இன்னுமா தலையில் தூக்கிக்கொண்டு அலைகிறாய்?

இதழ்கள் அட்டைப்பெட்டியில் பத்திரமாக இருந்தன. கட்டி அனுப்பியிருக்கிறேன். பாதிக்கு மேல் எனக்குப் புரிந்ததில்லை. ஆனால் உன் பெயர் எங்கே வந்தாலும் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், பார்.

இரண்டாம் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை, மற்றபடி சுகம். வீட்டில் அவளையும் கேட்டதாகச் சொல்.

அக்கா

பிப்ரவரி 1

அன்புள்ள அக்காவுக்கு,

கட்டு வந்து சேர்ந்தது. பென்சில் கோடுகளையும் பார்த்தேன். தண்ணீர் ஏறிவிட்டதா? முழங்காலோடு குடம் தூக்காதே.

சென்ற வாரம் பழைய ஆசிரியரைப் போய்ப் பார்த்தேன். எண்பத்து மூன்று வயது. பேச்சு மட்டும் அன்றைக்குப் போலவே சுற்றறிக்கை மாதிரி.

“வாய்யா. உட்காரு. இன்னும் கோபமா?”

“கோபமெல்லாம் இல்ல சார்.”

“அப்புறம் ஏன் கதவை ஒட்டியே உட்கார்ற?”

பத்திரிகை பிறந்த கதையைச் சொன்னார். அவர் அப்போது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்டோர் கண்காணிப்பாளர். துவைக்கப் போன படுக்கை விரிப்புகள் ஒவ்வொரு மாதமும் குறைந்து வந்தன. மற்ற ஆஸ்பத்திரிக்காரர்களிடம் கேட்டால், ‘எங்க கதையும் அதேதான்’ என்றார்களாம். தன் சமையலறையில் கையால் சுற்றும் அச்சுப்பொறியை வைத்து நாலு பக்கம் அச்சடித்தார். முதல் கட்டுரை, ‘விரிப்புகள் எங்கே போகின்றன?’ ஐம்பது வருஷம் ஆகியும் யாரும் பதில் சொல்லவில்லை. நல்ல தொடக்கம்தான், பொறாமையோடு குறித்துக்கொண்டேன்.

பிறகு கேட்டேன். “துணைவன்ல ஒரு திருத்தம்கூட வந்ததில்லையே, ஏன் சார்?”

“தப்பு வந்ததில்ல.”

“வந்திருக்கு சார்.”

“வந்திருக்கும். ஒரு தடவை திருத்தம் போட்டா, படிக்கிறவன் மத்த எல்லாத்தையும் சந்தேகப்படுவான். அப்புறம் விரிப்பைக்கூட எண்ண மாட்டான்யா.”

நான் உன்னிடம் கேட்ட ஜனவரித் தாளில் அப்படி ஒரு தப்பு வந்தது, அக்கா. அப்போதெல்லாம் அட்டவணையைப் பட்டை பட்டையாக வெட்டிப் பசை தடவி ஒட்டுவார்கள். ஒட்டுபவர் நிமிஷங்கள் இருந்த பட்டைகளில் இரண்டை இடம் மாற்றி ஒட்டிவிட்டார். ரப்பர் கையுறைக்கு நேரே துணிக்கட்டின் நேரம். துணிக்கட்டுக்கு நேரே கையுறையின் நேரம், அதாவது வேக வேண்டியதில் பாதி. இதழ் தபாலில் போன பிறகுதான் பார்த்தேன். திருத்தம் போடச் சொன்னேன், ஆசிரியர் மறுத்தார். அவரைப் பற்றி நான் எழுதப்போகும் அத்தியாயம் இதுதான்.

நீ அனுப்பிய கட்டில் அந்த ஜனவரி இதழும் இருக்கிறது. நடுப்பக்கத்தை மட்டும் காணவில்லை. நான் கேட்டதற்கு நீ பதிலும் எழுதவில்லை. மாட்டினீர்களா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

பிப்ரவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. தண்ணீர் ஏறிவிட்டது, இப்போது நிற்கத்தான் மாட்டேன் என்கிறது. எனக்கு இருமல். உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டால் ரத்த அழுத்தத்தை மட்டும் சொல்கிறாய். சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று அவளிடம்தான் கேட்க வேண்டும் போல.

அந்தத் தாளை விட்டுவிடு. உனக்கும் உன் ஆசிரியருக்கும் உள்ள சண்டைக்கு எங்கள் தியேட்டர் சாட்சி சொல்ல வராது. எங்கள் தலைமை நர்ஸும் போய்ச் சேர்ந்துவிட்டார். விரிப்பைப் பற்றி எழுது, வரிசையைப் பற்றி எழுது. ஒரு கிழவர் சாகப்போகிற நேரத்தில் அவர் தலையில் எதையும் ஏற்றாதே.

பதினேழாம் தேதி வந்து போனது. உன் அத்தான் போய் இருபத்தாறு வருஷம். வழக்கம்போல நீ எழுதவில்லை. நானும் வழக்கம்போலத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். பேனா எழுதிவிட்டது.

அக்கா

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இருமலுக்கு டாக்டரைப் பார்த்தாயா? நர்ஸாக இருந்தவர்கள்தான் டாக்டரிடம் போக மாட்டார்கள். போ.

சாப்பிடுகிறேன். தூக்கம் பற்றிக் கேட்காதே. கேட்டுவிட்டாய், சொல்கிறேன்.

அந்தப் பட்டையை ஒட்டியது ஒட்டுபவர் இல்லை. அன்றைக்கு அவர் லீவு. அச்சுக்கு அவசரம் என்று நானே உட்கார்ந்து ஒட்டினேன். இத்தனை வருஷமாக எல்லோரிடமும், சென்ற கடிதத்தில் உன்னிடமும், அந்த மனிதர் மேல் பழியைப் போட்டு வந்திருக்கிறேன். திருத்தம் போடச் சொன்னேன் என்றேனே, ஒரு தடவைதான் சொன்னேன், அதுவும் முனகலாக. ஆசிரியர் வேண்டாம் என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது, அக்கா. என் பெயர் வெளியே வராது என்ற நிம்மதி. அந்த நிம்மதிக்காக அவரை இருபத்தாறு வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஜனவரியில் தாள் வந்தது. பிப்ரவரியில் அத்தானுக்கு உங்கள் ஆஸ்பத்திரியிலேயே குடலிறக்க ஆபரேஷன். ஒன்பதாம் நாள் போய்விட்டார். நான் வந்தபோது உன் வீட்டு வாசலில் நின்ற ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சொன்னார்: “தையல்ல சீழ் வச்சிருச்சாம், காய்ச்சலாம். உள்ள விரிச்ச துணி சரியா வேகலையோ என்னவோ.” அதற்கு மேல் என்னால் உள்ளே காலெடுத்து வைக்க முடியவில்லை. மத்தியான பஸ்ஸில் ஏறிவிட்டேன். அதற்குப் பிறகு உன் முகத்தைப் பார்க்க வேண்டிய ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு காரணம் கண்டுபிடித்தேன். வேலை, காய்ச்சல், பஸ் இல்லை.

நடுப்பக்கம் இல்லாத இதழைப் பார்த்ததும் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். நீ மாட்டியிருக்கிறாய். என்ன நடந்தது என்று உனக்கு அன்றிலிருந்தே தெரியும். தம்பி என்பதால் வாயைத் திறக்கவில்லை. ஆசிரியர் இல்லை, நான்தான் அத்தானைக் கொன்றேனா? ஒரு வார்த்தை எழுது. எதுவானாலும் எழுது.

தம்பி

மார்ச் 6

தம்பிக்கு,

இருமல் பரவாயில்லை. உன் தாளுக்கும் அவர் சாவுக்கும் சம்பந்தமே இல்லை. விவரம் பிறகு. ஒழுங்காகச் சாப்பிடு, முட்டாளே.

அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கார்டு வந்தது. நோயாளியின் சொந்தக்காரர்களிடம் நீங்கள் எல்லோரும் சொல்வது இப்படித்தான்: ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள், ஒழுங்காகச் சாப்பிடுங்கள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். ‘துயரச் செய்தி சொல்லும் முறை’ என்று நானே துணைவனில் மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். சம்பந்தம் இல்லை என்றால் மாட்டினாயா என்ற கேள்வியை இரண்டு கடிதமாக ஏன் தாண்டிப் போனாய்? நீ என்னைத் தேற்றுகிறாய். தேற்ற வேண்டாம். அத்தியாயம் பாதியில் நிற்கிறது, நானும்தான்.

இருமல் சரியாகிவிட்டது என்பதாவது உண்மையா?

தம்பி

ஏப்ரல் 14

அன்புள்ள தம்பிக்கு,

இருமல் போய்விட்டது, உண்மை. முழங்கால் மட்டும் உன் புண்ணியத்தில் ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறது, காரணம் கீழே. நீ எப்படி இருக்கிறாய் என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. இதைப் படித்த பிறகு எப்படி இருக்கிறாய் என்று எழுது.

உனக்கு ஆதாரம் இல்லாமல் எதுவும் இறங்காது. அதனால் ஐந்து வாரம் அலைந்தேன். பழைய ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அறைக்கு நாலு தடவை போனேன், பாதாளத்தில் இருக்கிறது, முப்பத்திரண்டு படி. முதல் தடவை அங்கிருந்த குமாஸ்தா மனு எழுதச் சொன்னான். இரண்டாம் தடவை மனுவைக் காணோம் என்றான். மூன்றாம் தடவை, “அந்த வருஷத்துக் கட்டுகளையெல்லாம் அழிக்கச் சொல்லி எப்பவோ ஆர்டர் வந்தாச்சும்மா” என்றான். “அழிச்சாச்சா?” என்று கேட்டேன். “ஆர்டர் வந்துச்சு. அழிக்கத்தான் ஆள் வரலை” என்றான். சோம்பேறிகள் நூறு வருஷம் நல்லா இருக்கட்டும்.

இதோடு அவருடைய கேஸ் ஷீட்டின் நகல். கடைசிப் பக்கத்தைப் படி. தையல் காய்ந்திருக்கிறது. சீழ் இல்லை. காய்ச்சல் முதல் இரண்டு நாள்தான், அது எல்லோருக்கும் வருவது. ஒன்பதாம் நாள் காலையில் எழுந்து நடந்தபோது மூச்சு முட்டியிருக்கிறது. காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது. நான் பக்கத்தில்தான் நின்றேன். கம்பவுண்டர் அந்த வாரம் வேலைக்கே வரவில்லை. யாரோ சொன்னதை உனக்குச் சொல்லியிருக்கிறான்.

இனித் தாள். ஆமாம், மாட்டினேன். நான்தான் வீட்டிலிருந்து எடுத்துப் போய், ஆணி கடன் வாங்கி மாட்டினேன். தம்பி பத்திரிகையில் வந்தது என்று பெருமை. அன்றைக்கே முதல் ஈடு கையுறை, நாற்பது ஜோடி, உன் அட்டவணைப்படி வைத்தேன். எந்திரத்தைத் திறந்தால் எல்லாம் பிசுபிசுவென்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே உருண்டை. எங்கள் தலைமை நர்ஸை நாங்கள் ‘விசில்’ என்போம். வந்து பார்த்தார்.

“இது யார் சொன்ன கணக்கு?”

“பத்திரிகைல வந்தது சிஸ்டர்.”

“ரப்பரைத் துணி வேகுற நேரம் வேக வைக்கச் சொல்றான்னா, இவன் ஆயுசுல அடுப்புப் பக்கம் போகாதவன்.”

அந்த நிமிஷமே தாளைக் கழற்றினார். மாட்டி ஒரு வேளைகூட ஆகவில்லை. பின்பக்கம் வழவழப்பாக இருக்கிறதே என்று அதில் டியூட்டி பட்டியல் எழுதித் திரும்ப மாட்டினார். அந்த வருஷம் முழுக்க உன் தாள் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் நின்றது. துணிக்கட்டைப் பற்றிக் கேட்பாய். கட்டின் மேல் ஒரு பட்டை ஒட்டுவோம், உள்ளே நன்றாக வெந்தால்தான் அதில் கறுப்புக் கோடு விழும். கோடு விழாத கட்டைத் தியேட்டருக்குள் விட விசிலுக்கு என்ன பைத்தியமா? அன்றைக்கே போனில் உட்கார்ந்து சுற்று வட்டாரத் தியேட்டர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார். இப்போது நானும் உயிரோடு இருக்கிற பழைய நர்ஸுகள் ஏழு பேரைப் பிடித்துக் கேட்டேன். இரண்டு ஆஸ்பத்திரியில் உறையையே பிரிக்கவில்லையாம். மூன்று இடத்தில் பார்த்ததும் சிரித்துவிட்டார்களாம். மற்ற இரண்டு பேர், “துணைவனா, அது எந்தப் பத்திரிகை?” என்றார்கள். நம்பி வேக வைத்தவள் நான் ஒருத்திதான்.

ஏன் சொல்லவில்லை என்றால், கையுறை கெட்டதற்கு விளக்கம் எழுதிக் கொடுத்தேன், ‘என் கவனக்குறைவு’ என்று. பத்திரிகை பெயரை எழுதவில்லை. வர வேண்டிய வார்டுப் பொறுப்பு ஒரு வருஷம் தள்ளிப் போனது. இது உனக்குத் தெரிந்தால் மனசு கஷ்டப்படுவாய் என்று மறைத்தேன். நீ அதற்குள் ஒரு கொலையையே மறைத்து வைத்திருப்பாய் என்று எனக்கு என்ன தெரியும்?

கோபமும் இருக்கிறது. புருஷன் இல்லாத அக்கா, நாளைக்கு உதவி என்று வந்து நிற்பாள் என்றுதான் நீ ஒதுங்கினாய் என்று நினைத்திருந்தேன். அப்படித்தான் உன்னைப் பற்றி மனசில் இருந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவருக்கு என்ன ஆச்சு என்று கேட்டிருக்கக் கூடாதா?

அக்கா

ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்டாயே, எப்படி இருக்கிறேன் என்று. சொல்கிறேன்.

சாப்பாட்டு மேசையில் வைத்துப் பிரித்தேன். முதலில் கேஸ் ஷீட்டைத்தான் எடுத்தேன். கடைசிப் பக்கத்தை மூன்று தரம் படித்தேன். எனக்கே தெரியாமல் சிரித்திருக்கிறேன் போல. கரண்டியோடு வந்து நின்றாள் உன் தம்பி பெண்டாட்டி.

“என்ன, ஏதாவது நல்ல சேதியா?”

“அத்தானுக்கு நுரையீரல்ல ரத்தக்கட்டியாம்.”

“ஐயோ, அதுக்கா சிரிக்கிறீங்க!”

பிறகு அழுதேன். அவளிடம் முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “இதுக்காகத்தானா ஒவ்வொரு பிப்ரவரியும் என் மேல எரிஞ்சு விழுந்தீங்க?” என்றாள். கல்யாணமாகி வந்த இருபத்திரண்டு பிப்ரவரியும் கணக்கு வைத்திருக்கிறாள். மத்தியானம் படுத்தவன் சாயங்காலம் அவள் உலுக்கிய பிறகுதான் எழுந்தேன். ரத்த அழுத்தம் பார்க்கும் பெண், எந்திரம் கெட்டுப் போச்சோ என்று இரண்டு தரம் பார்த்தாள். அவ்வளவு இறங்கியிருக்கிறது.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். என் தாளை யாருமே படிக்கவில்லை என்று தெரிந்ததும் உயிர் வந்த அதே நேரத்தில் கொஞ்சம் வலிக்கவும் செய்தது. நான்கு வருஷம் அந்தப் பத்திரிகையில் காற்புள்ளிக்கெல்லாம் சண்டை போட்டேன்.

அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். பட்டையை ஒட்டியவன் நான் என்று என் பெயரோடு இருக்கிறது. உன் கையுறைகளையும் சேர்த்தேன், விசிலின் வாக்கியத்தை ஒரு எழுத்து மாற்றாமல். கையெழுத்துப் பிரதியைப் பழைய ஆசிரியரிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

“ஒட்டினது நீதான்னு எனக்கு அன்னிக்கே தெரியும்யா. ஒட்டுறவனுக்கு லீவு கொடுத்தவன் நான்தானே.”

“அப்புறம் ஏன் சார் ஒண்ணும் கேக்கலை?”

“நீயா சொல்லுவேன்னு பார்த்தேன்.” கண்ணைத் திறந்து, “நானும் திருத்தம் போட்டிருக்கணும். பயந்துட்டேன். அதையும் எழுதிக்கோ” என்றார். மகள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். ஐம்பதாம் ஆண்டு இதழில் துணைவனின் முதல் திருத்தம் வருகிறது. மேசை விஷயத்தை மட்டும் மன்னிப்பதாக இல்லை; அது தனி.

கையுறைக்கு நான் என்ன சொல்ல முடியும்? நம்பினவள் நீ ஒருத்தி, அடி வாங்கினவளும் நீ ஒருத்தி. வெள்ளிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் புறப்படுகிறோம். பஸ் இருக்கிறது, விசாரித்துவிட்டேன். அதற்கு முன்னால் இருபத்தாறு வருஷமாகக் கேட்காததைக் கேட்கிறேன். அந்த ஒன்பது நாளும் அத்தான் எப்படி இருந்தார்? என்ன பேசினார்?

தம்பி

ஏப்ரல் 23

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசி, அவளுக்கும் சேர்த்து. முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. நீங்கள் வரும்போது படியிறங்கி வர மாட்டேன், நீங்களே ஏறி வாருங்கள். இந்தக் கடிதம் நீ புறப்படுவதற்குள் வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

நன்றாகத்தான் இருந்தார். அவருக்கு வலியைவிடப் பெரிய தொல்லை அவருடைய பெரியப்பா. தினமும் பார்வையாளர் நேரம் தொடங்கின உடனே வந்து, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இதே ஆபரேஷனில் யார் யார் எப்படி எப்படிப் போனார்கள் என்று ஊர் ஊராகச் சொல்வார். எட்டாம் நாள் அவர் எழுந்து போனதும் அத்தான் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

“உன் தம்பிகிட்டச் சொல்லி அடுத்த மாசம் அவன் பத்திரிகைல எழுதச் சொல்லு. பார்க்க வர்றவங்களை வாசல்லயே சோதனை போடணும். கையில செத்தவங்க கதை ஏதாவது வச்சிருக்கீங்களான்னு கேக்கணும். வச்சிருந்தா வெளியிலயே வச்சிட்டு உள்ள வரச் சொல்லணும்.”

நான் சிரித்த சிரிப்பில் அவரும் சிரிக்க, தையல் பிடித்து இழுக்க, வலியோடு இன்னும் சிரிக்க, டியூட்டி நர்ஸ் ஓடி வந்து, “சிஸ்டர், நீங்களே இப்படிப் பண்ணலாமா?” என்று என்னைத் திட்டினாள்.

மறுநாள் அவர் போய்விட்டார். பெரியப்பாதான் முதலில் வந்து, தலைமாட்டில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொல்ல ஆரம்பித்தார். எனக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. எழுந்து வாசலுக்கு வந்து உன்னைத் தேடினேன். அந்த வீடு நிறைய ஆள் இருந்தார்கள். இதைச் சொல்லிச் சிரிக்க எனக்கு உன்னை விட்டால் யாரும் இல்லை.

அக்கா